மூடிய சிப்பி

பழங்காலத்தில் கடல் எந்த மட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பதிலேயே அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. மண்ணில் குழாய் இறக்கி, வருகிற சேற்றை நீளவாக்கில் பிளந்து, அதில் சிப்பி தேடுகிற வேலை. ஒற்றை ஓடாகக் கிடந்தால் புயல் அள்ளி வந்து போட்டிருக்கலாம், நம்பக் கூடாது. இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால் சிப்பி அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது என்று அர்த்தம். கடலும் அங்கேதான் இருந்தது. மூடிய சிப்பி கிடைத்த நாளில் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

இன்று மட்டும் ஒன்றும் அகப்பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். குழாய் இறங்கியது தம்பியின் மனையில். ஊரில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன், தனக்கென்று ஒரு வீட்டைக் கண்டதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்போதுதான் இடம் அமைந்தது. "கொஞ்சம் பாத்துச் சொல்லுக்கா" என்று அவனேதான் கூப்பிட்டான். ஆனால் ஸ்விட்ச் போர்டு எங்கே வரும் என்பது வரை முடிவு பண்ணி வைத்திருந்தான். ‘நல்ல இடம்’ என்ற பதிலை வாங்கத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

இடுப்பளவு ஆழத்துச் சேற்றில் ஒரு சிப்பி. மூடியிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு, அவையும் அப்படியே. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஓடு பிரிந்துவிடும். தம்பிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. விரல் ஓட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"கடல் இங்க நின்னிருக்குடா. முன்ன ஒரு தடவ பூமி சூடானப்ப. இப்பவும் சூடாகுது. மறுபடி வரும்."

"எப்ப?"

"உன் காலத்துல வராம இருக்கலாம். உன் பேத்தி காலத்துல வரலாம்."

தம்பி, வீட்டுக்கென்று சுண்ணாம்பில் போட்டிருந்த கோடுகளுக்கு நடுவே போய், வாசல் வரவேண்டிய இடத்தில் கடலைப் பார்த்து நின்றான். அக்கா, பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூட நினைத்தாள்.

அவன் திரும்பி வந்தான். "இத்தன வருஷமா இதப் பத்தி எழுதுறியே, அதப் படிச்சுட்டு யாராவது கடல விட்டுத் தள்ளிப் போயிருக்காங்களா?"

எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்காத கேள்வி. "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்கூட இல்லடா."

"சுத்தம்!" என்றான். செருப்புக் காலால் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். "இனிமே யாராவது கேட்டா என்னைக் கைகாட்டு."

சமையலறையை அழித்துவிட்டு அவன் கூடத்துக்கு வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள்.