சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

மருந்துக்கடைக்காரருக்குக் கைராசி என்று தெருவே சொல்லும். அதை அவரும் நம்பிவிட்டதுதான் வினை.

தங்கையின் கணவர் மூக்கடைப்பு, கன்னவலி என்று கடை வாசலில் வந்து நின்றபோது, "இதுக்குப் போய் டாக்டரா? நான் எதுக்கு இருக்கேன் மாப்ளே?" என்று ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாளைக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த மாத்திரை அதை இன்னும் ஏற்றும் என்பதும் தெரியும். பத்து நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தார்.

இரண்டு நாள் வலி குறைந்தது. எட்டாம் நாள் இடது கன்னம் மரத்து, இமை தொங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். உள்ளே சதை கறுத்துச் செத்துக் கிடந்தது. துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. பூஞ்சை, கண்ணை நோக்கி அரித்துக்கொண்டு போகிறது.

"இப்பவே ஆபரேஷன் பண்ணணும். சமீபத்துல ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லவே இல்லைங்க," என்றாள் தங்கை. "எங்கண்ணன் குடுத்த சளி மாத்திரை மட்டுந்தான்."

கூட வந்திருந்த மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் அடுத்த கேள்விக்குப் போன பிறகுதான் மருந்துக்கடைக்காரருக்கு நாக்கு எழுந்தது.

"அது சளி மாத்திரை இல்ல டாக்டர். ஸ்டீராய்டுதான். சீட்டில்லாம நாந்தான் குடுத்தேன்."

"எவ்வளவு? எத்தனை நாள்?"

சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை, எழுதிக்கொண்டார். தங்கை ஏறிட்டுப் பார்த்து, "அண்ணே..." என்றாள். அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார்.

செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டாம் ஆபரேஷனில் இடது கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்சுலினால் சர்க்கரையைக் கட்டிப்போட்டு, பூஞ்சைக்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி முடிக்க ஆறு வாரம் ஆனது. உயிர் தப்பியது.

வீடு திரும்பிய அன்று மாப்பிள்ளை, "இதுவும் நல்லதுக்குத்தான் மச்சான். உங்க தங்கச்சி முறைச்சா பாதிதான் தெரியுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தங்கைகூட.

மருந்துக்கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல அடுக்களைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெளியே சத்தம் கேட்காதபடி அழுதார்.