ஸ்பெனர் பெட்டியோடு வந்த மாப்பிள்ளை

"நீ போற இடத்தில கடல் இருக்கா?"

"இருக்காம். ஆஸ்பத்திரி மாடியில நிண்டா தெரியுமாம்."

"அப்ப பிரச்சினை இல்ல. அந்தக் கடலக் கொஞ்ச நாள் பாத்துட்டு, வீட்டு வேல முடிஞ்சதும் வந்துடு."

"ஓம், வந்துடுவன்."

கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் மூன்று வருடங்களுக்கு முன் நடந்த கதை அது. சுஹைரா அன்று புருஷன் றிஸ்கானிடம் சொன்ன 'ஓம்' பொய்யில்லை. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போனதோடு, கிண்ணியாவில் அவளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு இரண்டு அறைகளோடு நின்றுபோயிருந்தது. அந்த அரைகுறை வீட்டுக்குத்தான், பெண் வீட்டில் மாப்பிள்ளை வந்து இருக்கும் ஊர் வழக்கப்படி, றிஸ்கான் மாப்பிள்ளையாக வந்து குடியேறினான். ஒரு கையில் உடுப்புப் பெட்டி, மறுகையில் எஞ்சின் திருத்தும் இரும்பு ஸ்பெனர் பெட்டி. கதவடியில் நின்ற அக்கா முறை ராத்தா ஒருத்தி, "மாப்பிள்ள கட்டிலயும் கழட்டிப் பூட்டப்போறாரோ?" என்று கேட்க, பெண்கள் கூட்டம் அடக்க முடியாமல் சிரித்தது.

வீட்டை முடிக்கத்தான் சுஹைரா ஓமானுக்குப் போனாள். சூர் என்ற துறைமுக நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் மாதம் முழுவதும் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு அழ நேரமில்லாமல் போயிற்று. புதிய இயந்திரங்களைப் பழக மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள். அரபு நாக்கில் படிந்தது. மீனவர் வீட்டுக் கிழவிகள் இரத்தம் எடுக்க அவளிடம் மட்டும்தான் கையை நீட்டினார்கள். கார் ஓட்டப் பழகினாள். ஊரில் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு ஊசி குத்தும் பிள்ளையாக மட்டுமே இருந்தாள்; அங்கே அவள் கையெழுத்து விழுந்த முடிவைப் பார்த்துத்தான் டொக்டர் மருந்து எழுதினார். காலையில் வேலைக்கு நடக்கும்போது, தன் முதுகு தானாக நிமிர்வதை அவள் கவனித்திருந்தாள். அதை இழக்க அவளுக்கு மனமில்லை. றிஸ்கானை இழக்கவும் மனமில்லை.

இப்போது பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பையே தருகிறார்கள். குடும்பத்தோடு இருக்க வீடும் தருகிறார்கள். ஊரில் நிற்கும் இந்த லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவனையும் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குப் போன வருடமே வந்துவிட்டது. ஆனால் அதே வாரம், மனைவி வேலை செய்யும் நாட்டுக்குப் போன பக்கத்துத் தெரு அஷ்ரப்பைப் பற்றி றிஸ்கான் தொலைபேசியில் சிரித்தான். "பொஞ்சாதிட பாஸ்போட்டுக்குப் பின்னால போறான்" என்றான். சுஹைராவும் கூடச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாய் திறக்க முடியவில்லை.

லீவில் வந்து இறங்கிய அன்று உம்மா மைமூனா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னறையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு, கழுவும் தொட்டி, காத்திருப்பவர்கள் உட்கார நீண்ட வாங்கு. சுவரில் சாய்த்து வைத்த பலகையில் 'சுஹைரா லேப்' என்று நீல எழுத்து. அவள் திரும்பி வந்து நடத்தட்டும் என்று, எல்லாம் றிஸ்கான் வேலை முடிந்து வந்து தன் கையால் செய்ததாம். கதவோரம் நின்ற அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவாக இருக்கிறது என்றாள். பலகையை அவன் இன்னும் ஏன் மாட்டவில்லை என்று அவள் கேட்கவில்லை.

இன்று காலை எழும்பும்போதே முடிவெடுத்துவிட்டாள், இருட்டுவதற்குள் றிஸ்கானிடம் சொல்லிவிடுவது என்று. பின்னேரம் தேத்தண்ணிப் போத்தலோடு பஸ் ஏறி, பாலம் தாண்டி, சீனன்குடா தாண்டி, திருகோணமலையில் இறங்கினாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் அவன் வேலை செய்யும் கராஜ். சல்லி கிராமத்து மீனவர் கதிரவேல் தன் படகு எஞ்சினைக் கொண்டுவந்து போட்டிருந்தார். றிஸ்கான் முழங்கை வரை எண்ணெயோடு குனிந்திருந்தான்.

"வாங்கோ தங்கச்சி" என்றார் கதிரவேல். "உங்கட மனுசன் ஒவ்வொரு எஞ்சினையும் உங்கட கதை சொல்லிச் சொல்லித்தான் பூட்டுறவர். என்ர எஞ்சினுக்கு இப்ப ஓமான் முழுக்கத் தெரியும்."

றிஸ்கான் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"இனி இஞ்ச தானே நிப்பீங்கள்?" என்று அவளைக் கேட்டார் கதிரவேல்.

சுஹைரா தேத்தண்ணியை ஊற்றினாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீனுக்கு ஐஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

றிஸ்கான் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் உறுமிப் பிடித்தது. சூரிலும் ஜன்னலைத் திறந்தால் விடியும் முன்பே இதே சத்தம்தான். அங்கே பழுதான எஞ்சின்கள் கரையில் வரிசையாகக் கிடப்பதையும், நல்ல கை கிடைக்காமல் மீனவர்கள் அலைவதையும் அவள் அவனுக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள். பொறுப்பு தருவதைச் சொன்னாள். வீடு தருவதையும் சொன்னாள்.

அவன் எஞ்சினை நிறுத்தினான். கையை நெடுநேரம் துடைத்தான்.

"நீ அங்க இருந்து கதைக்கக்குள்ள குரல் வேற மாதிரி இருக்கும்" என்றான். "சந்தோஷமா. இஞ்ச வந்த நேரத்தில இருந்து அந்தக் குரலக் காணல்ல. அதான் போர்ட்ட மாட்டல்ல."

இன்று அவள் அழுவதற்கு வரவில்லை.

"போ, சுஹைரா. நான் ஏலாதெண்டு சொல்லமாட்டன்."

"அதக் கேக்க நான் வரல்ல."

"அப்ப?"

"நீங்க என்ட வீட்டுக்கு வந்து இருந்ததுக்கு ஊரில ஒருத்தராவது சிரிச்சாங்களா?"

"அது ஊர் வழக்கம். அதுக்கு ஏன் சிரிக்க?" என்றவன், சற்று யோசித்துவிட்டு, "ஸ்பெனர் பெட்டியப் பாத்துத்தான் சிரிச்சாங்க" என்றான்.

அவளும் சிரித்துவிட்டாள். தரையில் கிடந்த அந்தப் பழைய இரும்புப் பெட்டியின் மூடியைச் சாத்தி, கொளுக்கியை மாட்டி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அங்க எனக்கு ஒரு வீடு தாறாங்க. அதுவும் என்ட வீடுதான். இன்னொருக்கா மாப்பிள்ளையா வாங்க. இந்தப் பெட்டியத் தூக்கிக்கொண்டு என்னோட சூருக்கு வாங்க."