முகமில்லாத முப்பாட்டன்

அத்தல்லாவுக்கு இருந்த சொத்தே ஒரு மூக்குதான். மாதபா நகருக்குத் தெற்கே இடிந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் தரையில், வண்ணப் பொடிக்கற்களைப் பதித்துச் செய்த சித்திரத்தில் ஓர் ஆள் நிற்கிறான். அந்தக் கோயிலைக் கட்டிக் கொடுத்த தன் முப்பாட்டன் அவன்தான், அதே மூக்குதான் தனக்கும் என்று அத்தல்லா ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆளுக்கு முகமே கிடையாது. கோயிலில் மனித உருவம் கூடாது என்றிருந்த ஒரு காலத்தில் முகத்துக் கற்களைப் பெயர்த்துக் கலைத்துப் பதித்துவிட்டார்கள். இல்லாத முகத்தில் இவன் மூக்கைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டுக் கேட்டு அவன் அக்கா விதாதுக்குக் காது புளித்துவிட்டது.

அந்த மூக்கால்தான் அவன் மகள் ஹனானின் கல்யாணம் நின்றது. தரைக்கு ஓடு பதிக்கும் பாசிலைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முட்டிபோட்டுக் கக்கூஸ் தரை போடுகிறவனுக்கா என் பெண் என்று தூது வந்தவர்களை எல்லாம் அத்தல்லா விரட்டிவிட்டான்.

இந்தத் தடவை பாசிலின் பெரியப்பா ஊர்ப் பெரியவர்களையும், கிரேக்க நாட்டில் படித்துவிட்டு வந்த பாதிரியார் யாக்கூபையும் அழைத்துக்கொண்டு முறைப்படி வந்தார். காப்பி வைத்தார்கள். பெண்ணைத் தருகிறேன் என்ற வார்த்தை வரும்வரை வந்தவர்கள் கோப்பையைத் தொடமாட்டார்கள். தொடாமல் எழுந்து போய்விட்டால் அதோடு சரி, அந்த வாசலை மறுபடி மிதிக்கமாட்டார்கள். ஹனான் கதவுக்குப் பின்னால் நின்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தல்லா வார்த்தை தரவில்லை. என் வம்சம் என்னவென்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள் என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றி இடிபாட்டுக்கு இழுத்துப்போனான். காப்பி வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது. இவன் அடிக்கப்போகும் கூத்தைப் பார்க்க விதாதும் ஏறிக்கொண்டாள்.

மழைக்காலம் என்பதால் சித்திரத்தை மணல் பரப்பி மூடியிருந்தார்கள். அத்தல்லா காவல்காரரிடம் துடைப்பத்தை வாங்கிப் பாசிலிடம் நீட்டினான்.

“உனக்குத்தான் முட்டிபோட்டுப் பழக்கமாச்சே. கூட்டு.”

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாசில் மண்டியிட்டு மணலைத் தள்ளினான். திராட்சைக்கொடி வந்தது, மீன் வந்தது, பிறகு அந்த ஆள் வந்தான். அவன் கையில் நீளமாக ஒரு கோல் இருந்தது. அத்தல்லா ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்ற, கற்களின் நிறம் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தீங்களா, செங்கோல். சாமி, மேல எழுதியிருக்கறத நீங்களே வாசிங்க. எங்க ஊருச் சாமிக்கு இந்தக் கிரேக்க எழுத்து தெரியாது. இவங்க காதாரக் கேக்கட்டும்.”

பாதிரியார் குனிந்து தனக்குள் ஒருமுறை படித்துக்கொண்டார். பிறகு வாய்விட்டு வாசித்தார்.

“கர்த்தாவே, இந்தத் தரையைப் போட்ட உம்முடைய ஊழியன் ஸ்தேபானை நினைத்தருளும்.”

தரை போட்டவனா என்று அத்தல்லா கேட்டான். ஆமாம், கொத்தனார்தான், கையில் இருப்பது மட்டக்கோல் என்றார் பாதிரியார்.

“அப்ப இது எங்காளு இல்ல. எங்காளு அந்த மூலையில இருப்பான்,” என்று அத்தல்லா துடைப்பத்துக்குக் கை நீட்டினான். விதாத் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கினாள்.

“தம்பி, இத்தன வருஷமா இவன் மூக்கத்தானடா மூஞ்சியில தூக்கிட்டுத் திரிஞ்ச? இவன் உன் பாட்டன்னா, தரை போடறவன் வீட்டுப் பொண்ணத் தரை போடறவன் கேக்கறான், குடுத்துடு. இல்லேன்னா உனக்கு வம்சமும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எதுன்னு இவங்க முன்னாடி இங்கயே சொல்லு.”

அவன் விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறிக்கொண்டான். வீட்டு வாசலில் இறங்கியதும் வாய் திறந்துகொண்டது. முகம் போனாலும் தரை அசையவில்லை பாருங்கள், அது எங்கள் குடும்பத்துக் கை, அந்தக் கைக்கு ஏற்ற மாப்பிள்ளையைத் தேடித்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று பெரியப்பாவின் தோளில் கைபோட்டுச் சொன்னான். அவர் மலைத்துப்போய் அவனைப் பார்த்தார்.

“பொண்ணு உங்களுது. காப்பியக் குடிங்க.”

ஹனான் ஆறினதைக் கொட்டிவிட்டுச் சூடாகக் கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தார்கள். பாசிலின் முட்டியில் ஈர மணல் இன்னும் ஒட்டியிருந்தது. அத்தல்லாவோ தன் உள்ளங்கையைப் பெரியவர்களிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு கல்லைத் தூக்கியறியாத கை. இதற்கு அந்த மூக்கே தேவலை என்று நினைத்துக்கொண்டாள் விதாத்.