தட்டில் மிஞ்சிய சாறு

புலாவில் கை வைப்பதற்கு முன்பே தக்காளியைப் புகழ ஆரம்பித்துவிட்டார் ஷெராலி. தாஷ்கண்டிலிருந்து வந்திருக்கும் குழுவின் தலைவர் அவர். இந்த ஆராய்ச்சிப் பண்ணையை மூடுவதா, விட்டுவைப்பதா என்று அறிக்கை எழுதப் போகிறவரும் அவர்தான். "இந்த ருசியெல்லாம் சின்ன வயசுல சாப்பிட்டதும்மா," என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பண்ணை ஆராய்ச்சியாளர் மஹ்லியோவும் வெங்காயத்தோடு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஊசிப்புழு குடையாத தக்காளி இவள் வயலில் ஏது?

மருந்தே அடிக்காமல், வயலைப் புழுவுக்குத் திறந்துவிட்டு, எந்தச் செடி தாங்குகிறது என்று பார்ப்பதுதான் ஒன்பது வருஷமாக அவள் பிழைப்பு. புழு வளர்க்கிறவள் என்று ஊரே கேலி செய்தது. இந்த வருஷம் அறுநூறு செடியில் ஒன்றே ஒன்று தாங்கியது. அதையும் போன வாரம் வாடல் நோய் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது நாலு பழம். இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும், நாளைக்கு விதை எடுக்கலாம் என்று, பட்ட செடியில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டி விட்டிருந்தாள். பாழாய்ப்போன நாளை!

எழுந்து சமையல் கொட்டகைக்கு ஓடினாள். வயல் வேலையும் விருந்துச் சமையலும் பார்க்கிற உச்குன் புலாவ் வெந்த கொப்பரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தக்காளி எந்தச் செடியில பறிச்சீங்க?"

"சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே, அதுல. மத்ததெல்லாம் ஒரே ஓட்டை தங்கச்சி. விருந்தாளிக்குப் புழு தின்ன மிச்சத்தையா வைக்கறது? நம்ம மானம் என்னாவறது?"

"நாலுமா?"

"நாலும்தான்," என்றார் பெருமையாக.

"வெட்டின பலகை எங்கே?"

"அப்பவே கழுவியாச்சே."

திட்ட வாயெடுத்தாள். அவர் சொன்னதில் தப்பென்று எதைச் சொல்வது? அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் திரும்பி ஓடினாள்.

துண்டுகள் தீர்ந்திருந்தன. தட்டில் உப்பும் காரமும் கலந்த சாறு, அதில் மிதக்கும் விதைகள். உப்பில் கொஞ்ச நேரம் கிடந்தால் ஒன்றும் ஆகாது, கழுவி உலர்த்தினால் முளைக்கும். ஆனால் கடைசிச் சாறு பெரிய விருந்தாளிக்கு என்பது வழக்கம். "நீங்கதான் குடிக்கணும் தலைவரே," என்று தட்டை நகர்த்தினார் பக்கத்திலிருந்தவர். ஷெராலி இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி வாயில் வைத்தார்.

"குடிக்காதீங்க!"

எல்லாக் கையும் நின்றது. விருந்தாளி வாயிலிருப்பதைத் தடுக்கிறவளை இந்த ஊரில் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். மஹ்லியோவுக்குக் காது மடல் எரிந்தது.

"அதுல விதை இருக்குங்கய்யா. வேற எங்கயும் இல்ல. ஒன்பது வருஷம்..."

ஷெராலி தட்டை மெல்ல இறக்கினார். அதற்குள் ஒரு வாய் உள்ளே போயிருந்தது. விழுங்கவில்லை. உப்பிய கன்னத்தோடு அவளையே பார்த்தார். மஹ்லியோ கையெட்டிய தேநீர்க் கிண்ணம் ஒன்றைக் காலி செய்து, அவர் மோவாய்க்குக் கீழே நீட்டினாள்.