வெறும் கம்பி

…மூன்றாவது தடவை, ஒன்றா இரண்டா, இரண்டே வாரத்தில் மூன்றாவது தடவை, அதே சீல், அதே ஒழுகல், வெளியாள் செய்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி செய்தால் யார் சட்டையைப் பிடிப்பது, பிடித்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டில் போய்ச் சாப்பிட உட்காருவது… முட்டைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார், நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து பயமுறுத்தியது, வருகிறவன் உட்கார நாலு காலும் சமமாக ஒரு நாற்காலி வாங்கிப் போடத் துப்பில்லை, இந்தப் பட்டறையில் இஞ்சினைச் சரி பண்ணித் தருகிறார்களாம். எதிரே பள்ளத்தின் மேல் அவருடைய பிக்கப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது, பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. பள்ளத்துக்குள் மச்சினன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அவருடைய கல்யாணத்தன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக நின்ற பயல், அன்றைக்கு இவன் மூக்கு ஒழுகியது, இன்றைக்கு இவன் தொட்டதெல்லாம் ஒழுகுகிறது. இதை அவன் காதுபடவே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் உடனே அக்காவுக்குப் போன் போடுவான்.

முதல் தடவை ஒழுகியது உண்மையான ஒழுகல்தான், அதை அவர் மறுக்கவில்லை, பழைய சீல், ஆயிலைத் தடுத்து நிறுத்துகிற ரப்பர் வளையம், காய்ந்துபோய் விட்டுவிட்டது, பைபாஸ் ரோட்டில் பின்னால் முட்டை லோடு முழுசாக இருக்கும்போது ஆயில் இல்லை என்று டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, இஞ்சின் வெறும் பாத்திரத்தில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் போட்டு… அப்போது இந்த மச்சினன் வந்து என்ன பேச்சு பேசினான், ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று கேட்கிற மாதிரி, "ஆயில் கம்பிய எடுத்துப் பாக்கற பழக்கமே கிடையாதா மாமா? இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இஞ்சின் ஜாம், வண்டிய எடைக்குத்தான் போட்டிருக்கணும்." இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டுகிறவனுக்கு இவன் பாடம் எடுக்கிறான். சரி, விழுங்கிக்கொண்டார், வண்டிதானே சோறு, விழுங்கத்தான் வேண்டும். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. விடிந்ததும் லோடு ஏற்றுவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவி, பனியன் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, உருவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். கம்பியின் அடியில் இரண்டு கோடு, ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், பச்சைக் குழந்தைக்கும் புரியும். எங்கே நிற்கிறது? எங்கேயும் நிற்கவில்லை. வெறும் கம்பி. கழுவிக் கவிழ்த்த கரண்டிக் காம்பு மாதிரி பளபளவென்று வெறும் கம்பி. புது சீல் போட்டு, புது ஆயில் ஊற்றி, மறுநாள் காலையிலேயே வெறும் கம்பி என்றால் அந்த ஆயில் எங்கே போயிற்று, இஞ்சின் குடித்ததா, இவன் ஊற்றவே இல்லையா? அவர் என்ன செய்வார், இன்னொரு தடவை சிவப்பு விளக்கு எரிகிற வரை காத்திருப்பாரா? ஒரு லிட்டர் டப்பா வாங்கி வந்து அரை டப்பா ஊற்றினார். மறுநாளும் வெறும் கம்பி, மறுபடி ஊற்றினார். நாலாம் நாள் கீழே சொட்டு, பின்னால் கொசுவுக்குப் புகை போடுகிற மாதிரி நீலப் புகை. கொண்டுவந்து விட்டால் கியர்பாக்ஸை இறக்கி இன்னொரு சீல் மாட்டி, "முன்ன போட்டது மட்டமான சரக்கு மாமா" என்றான். அப்புறம் பழைய கதைதான், வெறும் கம்பி, நாலு நாள், சொட்டு, புகை. மட்டமான சரக்கு எது, சீலா, இவனா?

இதற்கு நடுவில் பேக்கரி ஸ்டோர்க்காரன் ஒருத்தன். நேற்று அவன் கணக்காக, மரியாதையாக, குத்துகிற மாதிரி சொல்லிவிட்டான், "இன்னொரு நாள் வண்டி நின்னுச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேங்க, தப்பா நெனச்சுக்காதீங்க." தப்பாக நினைக்காமல் அதைச் சரியாக எப்படி நினைப்பது? முட்டையில் மயிர் பிடுங்குகிற ஆள், அதுவும் நிஜ முட்டையை வைத்துக்கொண்டே பிடுங்குகிறான். போன வாரம் மூன்று ட்ரே விரிசல் விட்டதற்கு அந்த முகம் போன போக்கு… அவர் என்ன வேண்டுமென்றா உடைத்தார், ஸ்கூலுக்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேகத்தடையைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு வெள்ளைக் கோடு கிடையாது, போர்டு கிடையாது, இவர்கள் எல்லாம் என்ன படித்துவிட்டு ரோடு போட வருகிறார்கள்? இப்போது எதுவுமே ஒழுங்கில்லை. எதிரே வருகிறவன் எல்லாம் நெற்றியில் சூரியனைக் கட்டிக்கொண்டு வருகிறான், அப்படி ஒரு வெள்ளை லைட், கண் கூசி ஐந்து நிமிஷம் எதிரில் ஒன்றும் தெரிவதில்லை, கேட்பார் உண்டா? லோடு சீட்டில் பண்ணைக்காரன் எழுத்தை எறும்பு சைஸுக்குக் குறைத்துவிட்டான், மை மிச்சம் பிடிக்கிறான் போல. வீட்டுக்காரி என்னடாவென்றால், "ஒரு தடவ போய்க் கண்ணக் காட்டிட்டுத்தான் வாங்களேன்" என்கிறாள், கண் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, இருபத்தாறு வருஷமாக அதை வைத்துக்கொண்டுதானே இவளுக்கும் சேர்த்து ஓட்டுகிறார்! அப்புறம் அந்த சைக்கிள்காரி. நூல் மில்லைத் தாண்டும்போது, எந்தச் சந்திலிருந்து வந்தாளோ, பூமியைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி திடீரென்று முன்னால், ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டியின் பக்கக் கண்ணாடி அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று, ஒரு அங்குலம், ஒரே ஒரு அங்குலம், அவளோ ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்து, "கண்ணு தெரியலையா?" என்கிறாள். கண்ணு தெரியலையாவாம். சந்திலிருந்து ரோட்டுக்கு வருகிறவள் இரண்டு பக்கமும் பார்த்து வர வேண்டாமா, அதே கேள்வியை அவரும் பதிலுக்கு அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் மில்லைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினார், வயிறு காலியாக இருந்ததால் இருக்கும்.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்க."

பள்ளத்திலிருந்து ஏறி வந்திருந்தான். முழங்கை வரை ஆயில், நெற்றியில் ஒரு கோடு. கோபமாக இருந்தால் பரவாயில்லை, கோபத்துக்குக் கோபம் கொடுத்து அவருக்குப் பழக்கம், இவனோ ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிற டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசினான். போன தடவை புது ஆயில் ஊற்றிய அதே நாலு லிட்டர் டப்பாவைத் தரையில் வைத்து, அதன் வாயில் புனலைச் செருகி, இஞ்சினிலிருந்து இறக்கிய ஆயிலைத் தட்டிலிருந்து அதற்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தான். டப்பா நிறைந்தது. கழுத்து வரை வந்தது. புனலில் நின்றது. தட்டில் இன்னும் ஒரு குளம் பாக்கி இருந்தது.

"இந்த டப்பாதான மாமா நான் ஊத்துனேன், உங்க கண்ணு முன்னாலதான ஊத்துனேன். நாலுதான் போச்சு. ஆறு வந்திருக்கு."

முட்டைக்காரர் தட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். இது என்ன வித்தை, ஒழுகுகிற பானையில் தண்ணீர் ஏறுமா? ஊற்றினது நான்தான் என்றார், குறைந்தால் ஊற்றாமல் வேடிக்கை பார்க்கச் சொல்கிறாயா என்றார், நீதானே நடுரோட்டில் நிற்க வைத்துக் கம்பியைப் பார் கம்பியைப் பார் என்று கத்தினாய் என்றார், குரல் தானாகவே ஏறியது, பக்கத்து டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான், பார்க்கட்டும். மச்சினன் குரலை உயர்த்தவில்லை. குறையவே இல்ல மாமா, அளவுக்கு மேல ஊத்துனா உள்ள நுரை கட்டும், எங்கயாவது பிச்சுக்கிட்டு வெளிய வரத்தான் பாக்கும், நான் எத்தன சீல் மாத்துனாலும் நிக்காது என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனான். ஓகோ. அப்படி வருகிறதா கதை? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சீல் மாட்டத் தெரியாதவன் ஊற்றினவனைக் குற்றம் சொல்கிறான். வெறும் கம்பியைத் தினம் இந்த இரண்டு கையால் பிடித்துப் பார்த்தவர் அவர், இவனா பார்த்தான்?

 அவன் புது டப்பா ஒன்றின் மூடியைத் திருகினான், ஊற்றினான், சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்துப் பிடித்தான், ஆயில் கண்ணாடிக் கயிறு மாதிரி மெல்லிசாக இறங்கியது, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினான், ஆயில் கீழே இறங்கட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அந்த நேரம் முழுக்க அவர் மனத்துக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார், ஆனால் திட்டு முன்னைப் போலக் கோர்வையாக வரவில்லை, நடுநடுவே அந்தத் தட்டில் மிச்சம் கிடந்தது கண்ணில் பட்டது, அவ்வளவா ஊற்றியிருப்பார், அரை டப்பா அரை டப்பாவாக… பிறகு அவன் கம்பியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். அவர் காலையில் பிடிப்பாரே, அதே மாதிரி.

"எங்க நிக்குது, சொல்லுங்க."

அவர் குனிந்தார். தலையைச் சாய்த்தார். கொஞ்சம் பின்னால் போனார், கொஞ்சம் முன்னால் வந்தார். கம்பி பளபளவென்று இருந்தது.

"எங்கடா நிக்குது? அதான் ஒண்ணுமே இல்லயே, வெறும் கம்பி! பாத்தியா? இப்பவாவது பாத்தியா?"

சொல்லும்போது ஜெயித்த மாதிரி இருந்தது, இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுக்கெல்லாம் சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி. மச்சினன் ஜெயித்தவனைப் போலவும் இல்லை, தோற்றவனைப் போலவும் இல்லை. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தான், கை அவரைவிடச் சூடாக இருந்தது, விரலைக் கம்பியின் நடுவில் வைத்துக் கீழ்ப்பக்கமாக மெல்ல இழுத்தான். காய்ந்த இரும்பு. காய்ந்த இரும்பு. பிறகு, மேல் கோட்டின் வெட்டு விரலில் நெருடிய அதே இடத்தில், வழவழப்பு. அங்கிருந்து நுனி வரை வழவழப்பு. விரலை எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார், ஆயில்தான், விரல் பொய் சொல்லாது. மறுபடி கம்பியைப் பார்த்தார். வெறும் கம்பிதான் தெரிந்தது.

"புது ஆயில் அப்படித்தான் மாமா, தண்ணி கணக்கா இருக்கும். பெட்ரோல் வண்டி, கறுக்க நாளாகும்" என்றான், சமாதானம் மாதிரி. ஆனால் அவன் பார்த்தான் அல்லவா, எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது அல்லவா? லைட் சரியில்லை, தகரக் கூரைக்குக் கீழே என்ன தெரியும், இந்தப் பட்டறையில் ஒரு நல்ல பல்ப் உண்டா என்று ஆரம்பித்தார், அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது, பழைய சாவியைப் போட்டுத் திருகுகிற மாதிரி இரண்டு தடவை முயன்று பார்த்தார், பிடிக்கவில்லை. மச்சினன் கம்பியைச் செருகினான், பானெட்டை இறக்கினான். "தினம் காலைல நானே வந்து பாத்துட்டுப் போறேன் மாமா, நீங்க பாக்க வேணாம்." அப்புறம், "அக்காகிட்ட…" என்றான்.

"அக்காகிட்ட என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லை என்று சொல்கிற முகமா அது? இவன் என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டான், ஒரு கம்பி, அதில் நிறமில்லாத ஒரு சாமான், அது தெரியாவிட்டால் ஆள் குருடாகிவிடுவானா, ரோட்டில் லாரி தெரிகிறது, பஸ் தெரிகிறது, மாடு தெரிகிறது… வேகத்தடை விஷயத்தில் கூட அன்றைக்கே இவன், "அங்க தடையும் கோடும் போட்டு வருஷக்கணக்காச்சே மாமா" என்றான், இவனுக்கு எல்லாம் தெரியும், கோடு அழிந்து போயிருக்கும், அழியாதா என்ன. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கீழே சொட்டு இல்லை, மச்சினன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான், புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது, இந்த இஞ்சினுக்கு ஒரு வியாதியும் இல்லை. சாவி அதிலேயே தொங்கியது. நாளைக்கு விடிவதற்குள் கோழிப் பண்ணை, அங்கிருந்து பேக்கரி, பைபாஸ், ஸ்கூல், நூல் மில், எல்லாம் அவருக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். ஸ்கூல் தாண்டினால் பெட்ரோல் பங்க், பங்க் தாண்டினால் நூல் மில் சுவர், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே சுவர், எதிர்ப்பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்குப் பாலம் கிடையாது, அப்புறம் மில் முடிந்து… அவள் எந்தச் சந்திலிருந்து வந்தாள்? சுவர் தாண்டி இருக்குமோ? இல்லை, கண்ணாடி அவள் தோளை உரசியபோது பக்கத்தில் சுவர் இருந்தது, சுவரில் அவள் கையை ஊன்றிக்கொண்டாள், அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார், ஸ்கூல், பங்க், சுவர், சுவர், சுவர். அங்கே சந்தே கிடையாது. இருபத்தாறு வருஷமாக இருந்ததில்லை. நேராக, அவருக்கு முன்னால், அதே ரோட்டில்தான் அவள் வெகு நேரமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன மாமா, வண்டி எடுக்கலயா?" என்றான் மச்சினன் பின்னாலிருந்து.