சொந்தாங்குக்கான மணி

சபையின் நூற்றாண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமையில் மனந்திரும்புதல் ஆராதனை நடத்துவதென்று மூப்பர்கள் தீர்மானித்தபோது, அதற்குரிய பாடல்களையும் முறைமையையும் வகுக்கும் பொறுப்பு, வழக்கம்போலப் பிந்தாவுலியின் தலையில் விழுந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியையான அவளே நெடுங்காலமாகப் பாடகர் குழுவை நடத்தி வந்தாள். தங்கையின் சாவுக்குப் பிறகு அவள் மூப்பர்களுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாதலால், இதை அவள் மறுப்பாள் என்றே பலரும் எண்ணினர். அவள் மறுக்கவில்லை. கோயிலின் பின்மேட்டில் தனியே நின்ற கோபுரத்தில் தொங்கிய மணியே அதற்குக் காரணம்.

தோபா ஏரிக்கரையின் அந்தப் பகுதியில், எவர் இறந்தாலும் அம்மணி மெதுவாக, விட்டுவிட்டு ஒலிக்கும். வெங்காய வயலில் களையெடுப்போர் களைக்கொத்தைக் கீழே வைப்பர்; ஏரியில் வலையிழுப்போர் கையை நிறுத்துவர்; "யாருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்பர். மூன்றாண்டுகளுக்கு முன் பிந்தாவுலியின் தங்கை சொந்தாங் இறந்தபோது எவரும் எதையும் கீழே வைக்கவில்லை. மணி ஒலிக்கவில்லை.

சொந்தாங் தன் கணவன் ஜபாங்குனின் அடி பொறுக்காமல் ஓடிப்போய், சிதிகலாங் நகரில் ஒரு பேருந்து ஓட்டுநருடன் வாழ்ந்தவள். சபை அவளை நீக்கியது. நெஞ்சுநோயோடு திரும்பிவந்து அக்காள் வீட்டிலேயே கண்ணை மூடினாள். ஜபாங்குனும் மறுமணம் செய்துகொண்டதற்காகச் சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவன்தான். ஆனால் அவன் ஒரு ஞாயிறன்று பீடத்தின்முன் நின்று, கேட்ட கேள்விகளுக்கு "ஆம்" சொல்லி மீண்டும் சேர்ந்துகொண்டான். இப்போது நூற்றாண்டு விழாக் குழுவின் துணைத் தலைவன் அவன்.

சொந்தாங்கின் அடக்க நாளில் மூப்பர்கள் கறுப்பு அங்கிகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். தலைமை மூப்பர் ஜொந்தார், பிந்தாவுலியின் குலத்தையே சேர்ந்தவர். ஆகவே அவளுக்கு அண்ணன் முறை. அவர் வாசலில் நின்றவாறே, "நாங்க கோயிலா வரலம்மா, பங்காளியா வந்திருக்கோம்" என்றார். பங்காளியாக வந்தவர்கள் பங்காளியாகவே பன்றிக்கறிச் சோறு உண்டு, வாய் துடைத்துக்கொண்டு போனார்கள். ஜெபமில்லை, பாட்டில்லை. அக்கரையிலிருந்து சந்தைக்கு வரும் துமாரியா என்னும் மீன்காரி, மணி கேளாததால் சாவை அறியாமல், நெடுநாள் கழித்தும், "தங்கச்சிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள் இருப்பவளை நலம் விசாரிக்கும் அந்தக் கேள்விக்குப் பிந்தாவுலி ஒருமுறையும் பதில் சொன்னதில்லை.

இந்த ஆராதனையில் அம்மணியை ஒலிக்கச் செய்துவிட வேண்டும் என்பதொன்றே அவள் நோக்கம். அதற்கேற்பவே முறைமையை அமைத்தாள். மூப்பர்கள் அங்கியைக் கையில் ஏந்தி, பின்வாசலிலிருந்து பீடம்வரை வெறுங்காலோடு நடந்து வரவேண்டும். அவ்வளவு தூரத்துக்கும் ஆர்கனோ எக்காளமோ இல்லாமல், பாடகர் குழு தாழ்ந்த சுருதியில் ஒரு புலம்பலைப் பாடும். பீடத்தின்முன் அவர்கள் முழங்காலிட்டு, இரக்கமின்றி நடந்துகொண்ட சந்தர்ப்பங்களை அறிக்கையிடுவர். பின்னர் கடைசிச் சரணம். அச்சரணத்தின்மீது, மணியின்றிப் புதைக்கப்பட்டவர்களுக்காகச் சாவுமணி.

சியந்தாரிலிருந்து சென்ற ஆண்டு மாற்றலாகி வந்த இளம்போதகர் மருலி அதைக் கேட்டுக் கண்கலங்கினார். "ரொம்ப நல்லா வந்திருக்கு டீச்சர். இதை அப்படியே நடத்திடுவோம்" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பினார் என்பதில் பிந்தாவுலிக்கு ஐயமில்லை. மூப்பர்களை அவர் இன்னும் அறியவில்லை என்பதிலும் ஐயமில்லை.

மூப்பர் கூட்டம் கோயிலின் பக்க அறையில் கூடிற்று. அவித்த மரவள்ளிக்கிழங்கும் கடுங்காப்பியும் வந்தன. ஜொந்தார் ஒரு துண்டை மென்று விழுங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்க, தங்கச்சி. மூப்பருங்க வெறுங்காலோட நடக்கணும்னு இருக்கே, அது எதுக்கு?"

"மனந்திரும்பத்தான், அண்ணே."

"ஏன், உக்காந்த இடத்துலயே திரும்பக் கூடாதா?"

"எனக்கு முட்டிதான் மடங்காது" என்றார் பின்சார் என்ற மூப்பர். "முழங்கால் போட்டேன்னு வெச்சுக்க, விழா முடியற வரைக்கும் அங்கேயேதான் கிடப்பேன். பூச்சாடியை என் தலைமேல வெச்சுக்கங்க."

அறை சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று பிந்தாவுலி பொறுத்திருந்தாள்.

"நூறு வருஷத்துல நாம ஒரு தப்பும் செய்யலையா அண்ணே?"

"யாரு இல்லேன்னா? 'நாங்கள் எல்லாரும் பாவிகள்'னு பொதுவா ஒரு வரி போடு, போதும். மேடான்லருந்து, ஜகார்த்தாலருந்து சொந்தபந்தம் எல்லாம் வருது. அவங்க முன்னாடி நம்ம துணியை நாமளே அவுக்கணுமா?"

போதகர் மருலி தொண்டையைச் செருமினார். "நடக்கிறதுல ஒரு அர்த்தம் இருக்கு, மூப்பரய்யா..."

"நடக்கிறதை நான் எடுக்கச் சொல்லலையே போதகரய்யா. அருமையான ஏற்பாடு. பாட்டும் அருமை. ஒழுங்கு நடவடிக்கையில இருக்கிறவங்க நடக்கட்டும். அதுதானே முறை?"

"இப்ப அப்படி யாரும் நம்ம சபையில இல்லையே."

"இருக்காளே, சொந்தாங்."

காப்பிக் குவளைகள் ஒவ்வொன்றாக மேசையில் இறங்கின.

"அவ செத்துட்டா, மூப்பரய்யா" என்றார் போதகர்.

"செத்தாலும் நீக்கினது நீக்கினதுதான். ரத்த சொந்தம் யாராவது அவளுக்குப் பதிலா வந்து நிக்கலாம்." ஜொந்தார் பிந்தாவுலியின் பக்கம் திரும்பினார், குரலில் உண்மையிலேயே கனிவு இருந்தது. "உனக்கு மணி வேணும்னு எனக்குத் தெரியாதா, தங்கச்சி? நான் என்ன கல்லா? நீ நடந்து வா. போதகர் கேப்பாரு, ஆமான்னு சொல்லு. அவளைத் திரும்பச் சேத்துக்கறோம். அங்கேயே மணி அடிக்கிறோம். கோயிலுக்கும் ஒழுங்கு நின்ன மாதிரி ஆச்சு, உனக்கும் மனசு ஆறும்."

மருலி கிழங்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைமையைக் கேட்டுக் கண்கலங்கியவர் அவர்தானா என்று பிந்தாவுலிக்குத் தோன்றிற்று. மூப்பர்களுக்கென்று அவள் பார்த்துப் பார்த்துச் செய்த நீண்ட நடை, தாழ்ந்த சுருதி, வெறுங்கால் அனைத்தும் மேசையைச் சுற்றி வந்து அவள் முன்னாலேயே வைக்கப்பட்டிருந்தன.

"நடக்கிறேன்" என்றாள்.

"வெறுங்காலோடயா?" என்றார் பின்சார்.

"வேற எப்படி? மூப்பருங்களுக்கு எழுதினதுதானே."

பாடற்பயிற்சியின்போது செய்தி ஏற்கெனவே பரவியிருந்தது. தாழ்குரல் வரிசையில் நிற்கும் மொனாங் அம்மா, பிந்தாவுலிக்கு மதினி முறை, ஆகவே எதையும் சொல்ல உரிமையுள்ளவள். அவள் பாட்டுப் புத்தகத்தை மடக்கி மடியில் அடித்தாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அவ என்ன பாவம் பண்ணினா? உசுரோட இருக்கணும்னு ஓடினா. அது பாவமா?"

"மணி அடிக்கணும் மதினி."

"மணிக்காகப் பொய் சொல்லப் போறியாக்கும்."

"பொய் இல்லையே. புருஷனை விட்டுட்டுப் போனா. போனாளான்னு கேட்டா, ஆமான்னு சொல்லப் போறேன். அதோட சரி. நான் சொன்னதும் உங்க பக்கம் திரும்பிக் கையைத் தூக்குவேன். கடைசிச் சரணத்தை எடுத்துடுங்க."

"உன் கையை வேற நாங்க பாக்கணுமா! நீ பாவி மாதிரி அழுதுட்டு நிப்ப, நாங்க சுருதி தேடிட்டு நிக்கணும்."

"அழ மாட்டேன்."

மணியடிக்கும் தொகாரிடம் பிந்தாவுலி நேரில் போய்ப் பேசினாள். அவளுடைய தாயின் குலத்தவர் அவர். மாமா என்றே அழைப்பாள். கோபுரத்து மேடையில் அமர்ந்து, உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினார்.

"விழாவுக்குன்னு புதுக் கயிறு போட்டிருக்காங்க, மருமகளே. மூப்பருங்க மனசு மாதிரியே சொரசொரன்னு இருக்கு."

"ஞாயித்துக்கிழமை எப்ப அடிக்கணும்னு தெரியுமா மாமா?"

"போதகர் கீழே என்ன பேசினாலும் எனக்கு இங்க ஒரு எழவும் கேக்காது. உன் பாட்டு மட்டும்தான் ஏறி வரும்."

"கடைசிச் சரணத்துல பொம்பளைக் குரல் மட்டும் தனியா எழும்பும். அது கேட்டதும் இழுங்க."

"இழுத்தா முடிச்சிட்டுத்தான் விடுவேன். சாவுமணியைப் பாதியில நிறுத்தினா, செத்தவங்க வாசல்லயே நின்னுடுவாங்கன்னு என் அப்பன் சொல்லுவாரு. போதகர்கிட்ட சொல்லிடாத, அதுக்கும் ஒரு ஒழுங்கு நடவடிக்கை வெச்சிருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஜபாங்குன், கோட்டின்மேல் சடங்குகளுக்கு அணியும் ஊலோஸ் துணியை மடித்துப் போட்டு, இரண்டாம் மனைவியோடு அமர்ந்திருந்தான். மூப்பர்கள் அங்கியணிந்து, காலணிகளோடு, பீடத்துக்கு அருகே தத்தம் இருக்கைகளில் இருந்தனர். 'நாங்கள் எல்லாரும் பாவிகள்' என்ற வரியை அவர்கள் சபையோடு சேர்ந்து, நல்ல கம்பீரமான குரலில் படித்தார்கள்.

பின்பு புலம்பல் தொடங்கியது. பிந்தாவுலி பின்வாசலிலிருந்து நடந்தாள். சிமெண்டுத் தரை காலை நேரத்துக் குளிர்ச்சியோடு உள்ளங்காலைத் தொட்டது. பாட்டு மிக மெதுவாக இருந்தது. மூப்பர்களுக்கு உறைக்கட்டும் என்று அவளே அத்தனை மெதுவாக்கியிருந்தாள். இருபுறமும் தலைகள் திரும்பின. அவள் எழுத்துக் கற்பித்த பிள்ளைகள் தம் பெற்றோரின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்தனர். தன் பாட்டு இவ்வளவு நீளமானது என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

பீடத்தின்முன் வந்து நின்றாள். போதகர் மருலி, ஜொந்தார் கொடுத்த தாளை இரண்டு கைகளாலும் பிடித்துப் படித்தார்.

"இறந்துபோன சொந்தாங், தகுந்த காரணம் ஏதுமின்றித் தன் கணவனை விட்டு நீங்கி, விபசார வாழ்வு வாழ்ந்து, கர்த்தருடைய நாமத்தையும் நல்லவரான தன் கணவரையும் அவமானப்படுத்தினாள் என்பதை, அவளுக்காக நீர் அறிக்கையிடுகிறீரா?"

காரணம் ஏதுமின்றி. இது கூட்டத்தில் பேசப்படவில்லை. பிந்தாவுலி போதகரைப் பார்த்தாள். அவர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜபாங்குனைப் பார்த்தாள். அவன் கண்களை மூடி, பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டவனைப்போல் மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தான். அவன் அடியில் முறிந்த தோளெலும்போடு, மழையில் நனைந்த நாய்போல் சொந்தாங் அக்காளின் சமையலறையில் ஒடுங்கிக் கிடந்த மத்தியானம் அவள் நினைவில் எழுந்தது. எலும்பு கோணலாகவே கூடிற்று. இறந்தபின் குளிப்பாட்டி உடுத்தியபோதும் அந்தத் தோள் சட்டைக்குள் நேராக நிற்கவில்லை.

'ஆம்' என்ற சொல்லை அவள் வீட்டிலிருந்தே வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரே ஒரு சொல். மேலே தொகார் கயிற்றைப் பிடித்துக் காத்திருந்தார்.

"காரணம் இருந்துச்சு" என்றாள்.

ஜொந்தார் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். "தங்கச்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்டதுக்குத்தான் சொன்னேன். தோளை உடைச்சாரு. அதான் காரணம்."

அவள் திரும்பி, பாடகர் குழுவை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

குழு விழித்தது. ஆண்குரல்கள் மூப்பர்களைப் பார்த்தன. ஒருகணம், உயர்த்திய கை வெறுமனே அந்தரத்தில் நிற்கப்போகிறது என்றே பிந்தாவுலிக்குத் தோன்றிற்று. அப்போது மொனாங் அம்மா, தன்னுடையதல்லாத மேற்குரல் வரியை, சுருதி சற்றுப் பிசகி, தொண்டை கிழிய எடுத்தாள். மற்றப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே மணி ஒலித்தது.

"நிறுத்தச் சொல்லு! யாராவது மேல ஓடு!" என்று ஜொந்தார் கத்தினார். ஒருவர் ஓடினார். கோபுரக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணி, இறந்தவர்களுக்குரிய நிதானத்தோடு, விட்டு விட்டு ஒலித்துக்கொண்டேயிருந்தது. வயல்களைத் தாண்டி, ஏரியைத் தாண்டி அது போயிற்று. ஜபாங்குன் எழுந்து, மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினான். தொகார் முடித்துவிட்டே இறங்கினார்.

அந்த வாரத்தின் நடுவில் ஜொந்தார் பிந்தாவுலியின் வீட்டுக்கு வந்தார். அங்கி இல்லை. "நான் மூப்பரா வரல. அண்ணனா வந்திருக்கேன்" என்றார்.

"அன்னைக்கும் அப்படித்தான் வந்தீங்க."

அவர் பாயில் அமர்ந்தார். மூலையில் பனையோலைப் பையொன்று அரிசியோடு சாய்ந்திருந்தது.

"இது என்ன?"

"அக்கரைத் துமாரியா கொண்டாந்தா. மணி கேட்டு, யாருக்குன்னு விசாரிச்சிருக்கா. துக்கம் கேட்டுட்டுப் போனா."

துக்க வீட்டுக்கு அரிசி கொண்டுவருவது வழக்கம். அதை எவரும் குறை கூற முடியாது. ஜொந்தார் பையை மறுபடியும் பார்க்கவில்லை.

"வர ஞாயித்துக்கிழமை ஒரு அறிவிப்பு இருக்கு. நீ கோயில்ல வந்து கேட்டு மனசு உடையக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன். போன வாரம் அடிச்ச மணி யாருக்காகவும் இல்ல. புதுக் கயிறு தாங்குதான்னு சோதிச்சுப் பாத்தது. அப்படித்தான் தீர்மானம் ஆயிருக்கு."

"சரி."

"உன்னையும் ஒழுங்கு நடவடிக்கையில வெச்சிருக்கு. விழாவுல நீ குழுவை நடத்த முடியாது. நீயா வந்து மன்னிப்புக் கேட்டா நான் பேசிப் பாக்கறேன். இல்லேன்னா... நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மணி கிடையாது தங்கச்சி. யோசிச்சுக்க."

அடுப்பில் மிளகும் மஞ்சளும் சேர்த்து ஏரி மீன் வெந்துகொண்டிருந்தது. அந்த மணம் கூடம் முழுவதும் பரவியிருந்தது. ஜொந்தார் அடுப்புப் பக்கம் பார்த்தார். பிந்தாவுலி சோறு போட எழுந்திருக்கவில்லை.

"கயிறு எப்படி அண்ணே?" என்றாள்.

"என்ன?"

"சோதிச்சீங்களே. தாங்குதா?"

அவர் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிறன்று அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுடைய குழுவைப் பின்சாரின் மகள் நடத்தினாள். தொடக்கப் பாட்டை அவள் மிக உயரத்தில் எடுத்துவிட, ஆண்குரல்கள் மூச்சு வாங்கின. மொனாங் அம்மா தன் வரிசையில் நின்றாள், வாய் திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் போதகர் மருலி அறிவிப்புகளைப் படித்தார். திருமண ஓலை ஒன்று, விழாவுக்குப் பன்றிகள் நேர்ந்தவர்களின் பெயர்கள், பிறகு மணிக் கயிறு. அந்த வரியை அவர் மற்றவற்றைவிட வேகமாகப் படித்தார்.

அறிவிப்புகள் முடிந்தபோது சபையார், எப்போதும் சொல்வது போலவே, "ஆமென்" என்றார்கள்.