தம்பி போட்ட கஷாயம்

என் தம்பி வீப்ரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. என்னுடையது அவனுக்குப் பொருந்துகிறது, கொடுக்க நானும் தயார். குறுக்கே நிற்பது என் இரத்த அழுத்தம் ஒன்றுதான். வரும் வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை அளப்பார்கள். இறங்கவில்லையென்றால் என்னைத் தள்ளிவிடுவார்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை அவன் உடம்பு தாங்காது என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

உப்பை விட்டேன். புகைபோட்ட மீனை விட்டேன். ஹார்லிங்கன் துறைமுகத்தில் பிறந்தவள் மீனை விடுவதென்றால் சும்மாவா? எங்கள் ஊரே பையில் வைத்துக்கொண்டு மெல்லும் கறுப்பு அதிமதுர மிட்டாய், அழுத்தத்தை ஏற்றும் என்றார்கள். அதையும் விட்டேன். பச்சைப் பூண்டு தின்று தின்று பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. மாத்திரையும் போட்டேன். அழுத்தத்தை இறக்கும் என்று சொன்ன செம்பருத்திக் கஷாயம் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு புளிப்பு.

"நான் போட்டுத் தர்றேன்க்கா. பட்டை, சோம்பு எல்லாம் போட்டா உனக்கே பிடிக்கும்" என்றான் வீப்ரன்.

தினமும் காலையில் ஒரு பிளாஸ்க் நிறையக் கொடுத்தான். அவனுக்கோ குடிக்க அளந்த தண்ணீர்தான். அக்காவுக்குச் செய்வதில் அவனுக்கொரு ஆறுதல் என்று எண்ணி உருகிப்போனேன். கஷாயம் இனித்தது. சோம்பின் இனிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கியது. பயத்தில் கஷாயத்தை இன்னும் கூடக் குடித்தேன்.

இன்று மருத்துவமனையில் நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ரத்தத்துல பொட்டாசியம் இறங்கியிருக்கு. மறைக்காம சொல்லுங்க, அதிமதுர மிட்டாய் திங்கிறீங்களா?"

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.

"அப்போ அதிமதுரம் வேற எதுலயாவது கலந்திருக்கான்னு பாருங்க. நிறுத்தினாலும் அழுத்தம் இறங்க வாரக்கணக்காகலாம்."

நேரே வீப்ரன் வீட்டுக்குப் போனேன். அடுப்பிலிருந்த பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கிளறினேன். செம்பருத்திக்கு அடியில் கைப்பிடி கைப்பிடியாக அதிமதுர வேர்.

"தெரியாம போட்டியாடா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அந்தப் பாத்திரத்தை அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் அம்மா ஆபரேஷனுக்குப் போனாங்க. வந்தாங்களா? நீயும் எனக்காகப் போய்ப் படுக்கணுமா? நான் வேண்டாம்னா நீ கேக்க மாட்ட. டாக்டர் வேண்டாம்னா கேப்ப."

"எனக்குப் பக்கவாதம் வந்திருந்தா?"

அவன் முகம் வெளிறியது. "இவ்வளவு ஏறும்னு நினைக்கலக்கா. கொஞ்சமா ஏறினா போதும்னுதான்..."

நாலு வீட்டுக்குக் கேட்கும்படி திட்டித் தீர்த்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நீ போயிட்டா நான் யாரைடா திட்டுவேன்? அம்மாவும் இல்ல. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

வீப்ரன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினான். கஷாயத்தைத் தொட்டியில் கொட்டினான். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் வைத்து, வெறும் செம்பருத்தியை மட்டும் போட்டுக் கொதிக்கவிட்டான். என் எதிரே தரையில் உட்கார்ந்து கோப்பையை நீட்டினான்.

குடித்தேன். முகம் கோணிக்கொண்டது.

"புளிக்குதா?"

"புளிக்குது."

காலிக் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு என் வீங்கிய காலையே பார்த்தான்.

"வியாழக்கிழமைக்குள்ள இறங்கிடுமாக்கா?" என்றான்.